பாதியில் நிற்கும் மண்டபமும் பிரின்ஸ்2 முறையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் எடுத்து நடத்தும் ஓர் ஆலயத்தின் செயலாளர் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பல்நோக்கு மண்டபம் ஒன்றை 18 மாதங்களில், 4 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளிக்குள் (ரிங்கிட்) கட்டி முடிப்பதாகச் சொல்லி 2021-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இன்று கூரை நிற்கிறது. தரையும் கழிப்பறையும் மின்சார வேலையும் நின்றுவிட்டன. சேர்த்த பணம் முழுவதும் செலவாகிவிட்டது. கோலாலம்பூரில் வேலை செய்யும் அவருடைய அக்காள் மகன் பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறையில் தேர்வெழுதித் தேறியவராம்; "அந்த முறைப்படி செய்திருந்தால் என்றைக்கோ முடிந்திருக்கும், மாமா" என்கிறாராம். இது உண்மையா, பெரிய நிறுவனங்களுக்கான முறை ஓர் ஆலய நிர்வாகத்துக்குப் பொருந்துமா, பாதியில் நிற்கும் வேலையில் இனி அதைப் புகுத்த முடியுமா என்று செயலாளர் கேட்கிறார்.

செம்பனை ஆலைகளின் கட்டுமானத்திலும் விரிவாக்கத்திலும் 26 ஆண்டுகள் களப் பொறியியலாளராக இருந்தவன் நான். முறை இருந்தும் கெட்டுப்போன வேலைகளைப் பார்த்திருக்கிறேன். முறை என்ற சொல்லையே கேள்விப்படாத ஆட்கள் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்த வேலைகளையும் பார்த்திருக்கிறேன். ஆகவே மருமகன் சொன்னதில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியும். அந்த முறையின் படிவங்கள் அத்தனையையும் நிரப்பி அலமாரியில் அடுக்கியிருந்தாலும் உங்கள் மண்டபம் இதே நிலையில் நின்றிருக்கக்கூடும். ஆனால் எந்த முடிவை, யார், எவ்வளவு தொகை வரை, யாரையும் கேட்காமல் எடுக்கலாம் என்ற கேள்விக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே எழுத்தில் பதில் இருந்திருந்தால், கடந்த சில ஆண்டுகளில் நடந்தவற்றில் பெரும்பகுதி நடந்திருக்காது. பிரின்ஸ்2-இன் மையமே அந்தக் கேள்விதான் என்பது என் கருத்து.

முறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்குப் பயன்படும் ஒரு செய்தி இருக்கிறது. இங்கிலாந்தில் சிம்பாக்ட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் 1975-இல் உருவாக்கிய ஒரு முறையைப் பிரிட்டிஷ் அரசு 1979-இல் தன் கணினித் திட்டங்களுக்கு ஏற்றுக்கொண்டது. அது 1989-இல் திருத்தப்பட்டு பிரின்ஸ் என்ற பெயரைப் பெற்றது. கணினி அல்லாத திட்டங்களுக்கும் பொருந்துமாறு 1996-இல் அதை மாற்றியமைத்தபோது பெயரோடு 2 சேர்ந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2023-இல் வந்த ஏழாம் பதிப்பு. கொள்கைகள் ஏழு, கவனிக்க வேண்டிய துறைகள் ஏழு, செயல்முறைகள் ஏழு என்று எல்லாம் ஏழு ஏழாக இருப்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறவர்களுக்கு வசதி. உங்களுக்கு வேண்டிய செய்தி, அந்தக் கொள்கைகளில் ஒன்று, முறையைத் திட்டத்தின் அளவுக்கேற்ப வெட்டித் தைத்துக்கொள்ளச் சொல்கிறது என்பதே. முழு முறையையும் அப்படியே ஒரு கோவில் மண்டபத்தின் மேல் ஏற்றுகிறவர் அந்த முறையையே மீறுகிறார். இதை மருமகனிடமும் சொல்லுங்கள்; அவர் மறுக்க மாட்டார்.

முடிவெடுக்கும் உரிமை என்று நான் சொல்வது என்ன என்பதற்கு, நான் கண்முன் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு சங்க மண்டபத்துக்கு ஆலோசனை சொல்லப் போயிருந்தேன். மண்டபம் 100 அடி நீளம், 60 அடி அகலம். தூண்கள் எழுந்து, கதவுகளுக்கு மேலே வரும் லிண்டல் உத்திரமும் வார்த்தாகிவிட்டது. ஒரு நாள் காலை தலைவர் பசியாறிவிட்டு வேலையிடத்துக்கு வந்தார். முந்தின இரவு நல்ல மழை. வாசல் பக்கம் தண்ணீர் தேங்கியிருந்தது. கட்டட வேலையை எடுத்திருந்த குத்தகையாளர், "தலைவரே, தளத்தை ஒரு அடி ஏத்திட்டா மழைத் தண்ணி பயமே இல்ல" என்றார். தலைவர் சற்று யோசித்து, "சரி, போடு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. எழுத்தில் எதுவும் இல்லை, பொருளாளருக்குத் தெரியாது, வரைபடம் போட்ட கட்டடக் கலைஞருக்கும் தெரியாது.

அந்த ஓர் அடியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6,000 சதுர அடித் தரையை ஓர் அடி உயர்த்த 6,000 கன அடி மண் வேண்டும்; அது ஏறத்தாழ 170 கன மீட்டர். மண்ணைக் கொட்டி இறுக்கும்போது அது அமுங்கும் என்பதால் லோரியில் வரவேண்டிய அளவு அதைவிடக் கூடுதல். இந்தச் செலவையாவது எவரும் ஊகித்துவிடலாம். வாசலில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவில் இருக்க வேண்டும். தரை ஓர் அடி உயர்ந்தால் சாய்தளம் 12 அடி நீள வேண்டும். நீண்ட சாய்தளம் மழைநீர்க் கால்வாயின் மேல் போய் நின்றது, ஆகவே கால்வாயைத் திருப்ப வேண்டியதாயிற்று. லிண்டல் உத்திரமோ பழைய தரைமட்டத்திலிருந்து 7 அடி உயரத்தில் வார்க்கப்பட்டது. தரை ஏறியதும் கதவு வாய் 6 அடியாகக் குறுகிவிட்டது. நடுத்தர உயரமுள்ள ஓர் ஆள் தலையில் முண்டாசு கட்டியிருந்தால் குனிந்துதான் உள்ளே போக முடியும். உத்திரத்தை உடைத்து மேலே தூக்கி வார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து 38 ஆயிரம் வெள்ளிக்குக் கூடுதல் வேலைக் கணக்கு வந்தபோது, யார் சொல்லிச் செய்தீர்கள் என்று பொருளாளர் கேட்க, தலைவர் சொன்னார் என்று குத்தகையாளர் சொல்ல, மண் மட்டும்தானே போடச் சொன்னேன் என்று தலைவர் சொல்ல, நிர்வாகம் இரண்டாகப் பிரிந்தது. மூவர் சொன்னதும் உண்மை என்பதுதான் இதில் வேடிக்கை.

தலைவர் கெட்டவர் அல்லர். தண்ணீர் தேங்கும் என்ற அவருடைய கவலையும் நியாயமானதே. இப்படிப்பட்ட மாற்றத்தை அவர் ஒருவராக, அந்த இடத்தில், அந்த நேரத்தில் முடிவு செய்யலாமா என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை என்பதே குறை. பிரின்ஸ்2 இதற்கு வைத்திருக்கும் வழி எளிமையானது. வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம், காலம், வேலையின் அளவு, தரம் ஆகியவற்றில் ஓர் அனுமதி வரம்பை வைக்கிறார்கள். ஒரு கட்டத்தின் மதிப்பு 80 ஆயிரம் வெள்ளி என்றும் வரம்பு 5 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். 4 ஆயிரம் வெள்ளி வரையிலான ஏற்றத்தாழ்வை அன்றாட வேலையைக் கவனிக்கும் திட்ட மேலாளர் தாமே முடிவு செய்துகொள்ளலாம். எவரையும் அழைத்துக் கூட்டம் போட வேண்டியதில்லை. அதைத் தாண்டும் என்று தெரிந்தவுடன், தாண்டிய பிறகு அல்ல, தாண்டும் என்று தெரிந்தவுடன், அவர் மேலே உள்ள திட்டக் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன நேர்ந்தது, ஏன், என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு ஆகும், தம் பரிந்துரை எது. ஒரு பக்கம் போதும். தளம் உயர்த்தும் யோசனை இப்படி ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருந்தால், சாய்தளத்தின் 12 அடியும் லிண்டலும் எழுதும்போதே வெளியே வந்திருக்கும். வாசல் பக்கம் ஒரு கால்வாயை ஆழப்படுத்துவதோடு பிரச்சினை தீர்ந்திருக்கவும் கூடும்.

எழுத்தில் இருப்பது குத்தகையாளருக்கும் நல்லதுதான். நம் நாட்டில், கட்டுமானத் துறையில் பணம் தராமல் இழுத்தடிக்கும் தகராறுகளை விரைவாகத் தீர்க்க 2012-இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சட்டம், எழுத்தில் செய்த ஒப்பந்தங்களுக்கே பொருந்தும். வாய்ச்சொல்லில் வேலை வாங்கும் பழக்கம் இரு தரப்பையும் பலவீனமாக்குகிறது.

அடுத்தது, அந்தத் திட்டக் குழுவில் யார் இருப்பது. ஆலய நிர்வாகமே இருக்கும்போது இன்னொரு குழு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்ற அமைப்பு நிர்வாகத் தேர்தல் நடத்தியாக வேண்டும். நிர்வாகம் மாறும்போது, புதிதாக வந்தவர்கள் பழையவர்கள் எடுத்த முடிவுகளை மறுபடி திறந்து பார்ப்பார்கள். உங்கள் கடிதத்திலேயே, 2023-இல் நிர்வாகம் மாறியபோது ஓடு மாற்றி, மேடையின் இடம் மாற்றி, ஐந்து மாதம் வேலை நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். பதினைந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு கோவிலை நடத்தலாம். ஒரு கட்டடத்தை நடத்த முடியாது.

பிரின்ஸ்2-இன் திட்டக் குழு மூன்று தரப்பைக் கொண்டது. முதலாமவர் பொறுப்புத் தலைவர்: பணத்துக்கும் பலனுக்கும் பதில் சொல்கிறவர், ஒரே ஆள். இரண்டாமவர், கட்டி முடித்ததைப் பயன்படுத்தப் போகிறவர்களின் சார்பில் பேசுகிறவர். மூன்றாமவர், கட்டிக் கொடுக்கும் தரப்பின் சார்பில் இது முடியும், இது முடியாது என்று சொல்லக்கூடியவர். உங்கள் ஊரில் இரண்டாவது இடத்துக்கு ஆலயத்தின் மாதர் பிரிவிலிருந்து ஒருவரைப் போடுங்கள் என்பது என் ஆலோசனை. சமையல் கட்டில் அண்டாவை எங்கிருந்து எங்கே தூக்க வேண்டும், எத்தனை குழாய் வேண்டும், கை கழுவும் இடம் எந்தப் பக்கம் இருந்தால் கூட்டம் நெருக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நிர்வாகத்தில் வேறு எவருக்கும் தெரியாது. ஆனால் வரைபடம் போடும் நாளில் அவர்களைக் கூப்பிடுவதே இல்லை. மூன்றாவது இடத்தில் கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ இருக்கட்டும். குழுவில் வாக்கெடுப்பு கிடையாது; மற்ற இருவரும் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பது பொறுப்புத் தலைவர். இந்த மூவரும் மண்டபம் முடியும் வரை, நிர்வாகம் மாறினாலும் மாறாமல், பதவியில் இருப்பார்கள் என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். அந்த ஒரு தீர்மானம் பத்துப் படிவங்களுக்குச் சமம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. என் தகப்பனார் ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டில் கங்காணியாக இருந்தவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை (மரவரிசை) என்று பிரித்துக் கொடுத்தபின் எவருக்கும் சந்தேகம் இருக்காது. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் ஏற்றுவது எழுத்தரான கிராணியின் வேலை. நிரையை மாற்றுவது கங்காணியின் வேலை. ஆள் சேர்ப்பதும் நிறுத்துவதும் தோட்ட மேலாளரான துரையின் வேலை. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் இந்த ஒப்புமையை அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. தோட்டத்து ஒழுங்கு பயத்தால் நின்றது. கெட்ட செய்தியை மேலே கொண்டு போனவன்தான் திட்டு வாங்கினான், அதனால் கெட்ட செய்தி மேலே போகவே இல்லை. ஒரு கட்டுமானத் திட்டம் அப்படி நடந்தால் கெடும். திட்ட மேலாளர் "வரம்பு தாண்டும் போலிருக்கிறது" என்று வந்து சொல்லும் நாளில் அவரை உட்கார வைத்து ஒரு தே தாரே (இழுத்த தேநீர்) வாங்கிக் கொடுக்கிற பொறுப்புத் தலைவர் உங்களுக்குக் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

கட்டம் பிரிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த பெரிய தவறு அங்கேதான் நடந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் திட்டக் குழு கூடி, அடுத்த கட்டத்துக்குப் போகலாமா, மாற்றிப் போகலாமா, நிறுத்திவிடலாமா என்று முடிவு செய்ய வேண்டும் என்கிறது முறை. நன்கொடையை நம்பிக் கட்டும் நமக்கு இதோடு இன்னொரு விதியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: ஒரு கட்டத்துக்கான பணம் முழுவதும் வங்கிக் கணக்கில் வந்து சேராமல் அந்தக் கட்டம் தொடங்கக் கூடாது. சட்டமன்ற உறுப்பினர் மேடையில் அறிவித்த மானியம் கணக்கில் வந்த பணம் ஆகாது. அறிவிப்பை நம்பிக் கூரையை ஏற்றி, தரைக்குப் பணமில்லாமல் நிற்கும் மண்டபம் உங்களுடையது மட்டும் அல்ல.

வரைவு முழுதாக முடியாமல் கட்டத் தொடங்குவதன் விளைவுக்கு உலகறிந்த உதாரணம் சிட்னி ஓப்பரா மாளிகை. அரசியல் சூழ்நிலை மாறுவதற்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் 1959-இல் அடித்தளத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள். அந்தச் சிப்பிக் கூரைகளை எப்படி நிறுத்துவது என்ற கணக்கு அப்போது முடியவில்லை. கூரையின் உண்மையான எடை தெரிய வந்தபோது, அதைத் தாங்க வேண்டிய தூண்கள் போதா என்று கண்டு, கட்டிய தூண்களை உடைத்து மீண்டும் கட்டினார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று மதிப்பிட்டது, 1973-இல் திறக்கப்பட்டபோது 10 கோடியே 20 லட்சத்தை எட்டியிருந்தது. அங்கே பொதுத் தேர்தல். நம் ஊரில் ஆண்டுக் கூட்டம். நாள் நெருங்குகிறது, அதற்குள் அடிக்கல் நாட்டிவிட வேண்டும் என்ற மனநிலை ஒன்றுதான்.

நம் நாட்டுச் சட்டமே உங்களுக்கு ஒரு கட்ட ஒழுங்கை வைத்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2007-க்கு முன்பு கட்டடத்தில் குடியேறுவதற்கான சான்றிதழை ஊராட்சி மன்றம் தந்தது. அந்த ஆண்டிலிருந்து சி.சி.சி. எனப்படும் முடிவுறுத்தல் சான்றிதழை, வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ தம் பொறுப்பில் தருகிறார். அதற்கு ஆதாரமாக மண் வேலை, அடித்தளம், கட்டமைப்பு, உள் குழாய், உள் மின்சாரம், தீயணைப்பு, சாலை, வடிகால் என்று வரிசையாக 21 ஜி படிவங்கள் இருக்கின்றன. கட்டடத்துக்குப் பொருந்தும் ஒவ்வொரு படிவத்திலும் அந்தந்த வேலையைச் செய்தவரும் மேற்பார்வையிட்டவரும் கையொப்பமிட வேண்டும். உங்கள் கட்டங்களை இந்தப் படிவங்களின் வரிசையை ஒட்டிப் பிரித்துக்கொண்டால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அடித்தளப் படிவம் கையொப்பமாகாமல் தூணுக்குப் பணம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மின்சாரப் படிவமே சாட்சி. நமக்குத் தெரிந்த பையன், மலிவாகச் செய்து கொடுப்பான் என்று உரிமம் இல்லாத ஒருவரை வைத்து ஒயரிங் இழுத்திருப்பார்கள். விளக்கும் எரியும், காற்றாடியும் சுற்றும். கடைசியில் படிவத்தில் கையொப்பமிட உரிமம் உள்ள எவரும் முன்வர மாட்டார், ஏனென்றால் சுவருக்குள் போன கம்பியை அவர் பார்த்ததில்லை. அப்புறம் சுவரைத் திறக்க வேண்டியதுதான்.

தரத்தைப் பற்றிப் பேசும்போது பிரின்ஸ்2 ஒன்றை வற்புறுத்துகிறது: செய்யப் போகும் வேலைகளை வைத்துத் திட்டமிடாமல், கையில் கிடைக்கப் போகும் பொருள்களை வைத்துத் திட்டமிடு, ஒவ்வொரு பொருளும் எப்படி இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்பதை முன்பே எழுது. ‘கழிப்பறை வேலை’ என்று எழுதினால் அது 80 விழுக்காடு முடிந்த நிலையிலேயே ஆறு மாதம் இருக்கும். அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: பெண்கள் பக்கம் ஐந்து அறை, ஆண்கள் பக்கம் மூன்று அறை, எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்தாலும் தண்ணீர் தடையின்றி வர வேண்டும், ஒவ்வொரு கதவும் உள்ளிருந்து ஒரு கையால் தாழிடும்படி இருக்க வேண்டும், தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் தேங்காமல் வடிகாலுக்கு ஓட வேண்டும், இதைச் சோதித்து ஏற்றுக்கொள்கிறவர் மாதர் பிரிவின் பிரதிநிதி. ஒப்படைக்கும் நாளில் அந்த அம்மா ஒரு வாளியோடு வந்து ஊற்றிப் பார்க்கட்டும். மூலையில் தண்ணீர் நின்றால் ஓடு பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும், பணம் பிறகு. குத்தகையாளருக்கு இது முன்பே தெரிந்திருந்தால் ஓடு பதிக்கும் ஆளிடம் சரிவைச் சரியாக எடுக்கச் சொல்லியிருப்பார். கடைசி நாளில் சண்டை வராது.

காலக் கணக்கைப் பற்றி ஒரு சொல். 18 மாதம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதற்கு, குத்தகையாளர் சொன்னார் என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். மனிதர்கள் தாங்கள் எடுத்த வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்பதை டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் எடுத்துக்காட்டினார்கள். அதற்கு அவர்கள் சொன்ன மருந்து, உங்கள் திட்டத்தை உள்ளிருந்து பார்ப்பதை விட்டு, இதைப் போன்ற மற்ற திட்டங்களுக்கு உண்மையில் எவ்வளவு ஆயிற்று என்று வெளியே பார்ப்பது. பிரின்ஸ்2-உம் பட்டறிவிலிருந்து கற்றுக்கொள் என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. கோலகங்சாரிலோ சிம்மோரிலோ ஈப்போவிலோ அண்மைய ஆண்டுகளில் மண்டபம் கட்டிய மூன்று ஆலயச் செயலாளர்களைப் போய்ப் பாருங்கள். எத்தனை மாதம் என்று சொல்லித் தொடங்கினீர்கள், எத்தனை மாதத்தில் விளக்கேற்றினீர்கள் என்று இரண்டு கேள்விகள் போதும். பதில்களின் சராசரியை விடக் குறைவான எண்ணைக் குத்தகையாளர் சொன்னால் காரணம் கேளுங்கள். ஆண்டுக் கடைசி மழை, தீபாவளி, சீனப் புத்தாண்டுக்கு ஹார்ட்வேர் கடைகள் மூடும் நாட்கள், நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்பும் தொழிலாளர்கள் ஆகியவை நாள்காட்டியில் அச்சாகி இருப்பவை. அவற்றால் தாமதம் என்று குத்தகையாளர் சொன்னால் அதை எதிர்பாராதது என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

மண்டபம் தேவைதானா என்ற கேள்வியையும் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கேட்க வேண்டும் என்கிறது முறை. ஆலயத்தில் இதைக் கேட்பது எளிதல்ல. சாமி காரியத்தில் லாபக் கணக்கா என்பார்கள். இருந்தாலும் மின்சாரக் கட்டணம், துப்புரவு, பழுது பார்ப்பு ஆகியவற்றுக்கு மாதம் எவ்வளவு வேண்டும், அதை ஈடுகட்ட ஆண்டுக்கு எத்தனை திருமணமும் நிச்சயதார்த்தமும் நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள். தோட்டத்து இளைஞர்கள் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போய்விட்ட ஊரில் அந்த எண் பத்தாண்டுக்கு முன் இருந்த எண்ணாக இருக்காது. அதன்படி குளிர்சாதனத்தை விட்டுவிடலாம் என்றோ, மாடியைப் பிறகு பார்க்கலாம் என்றோ முடிவாகலாம்.

அன்றாடத் தகவலுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வாட்ஸ்அப்பில் படிக்கக்கூடிய அளவில் ஓர் அறிக்கை போதும்: எது முடிந்தது, எது முடியவில்லை, கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எந்தத் தடை யார் கையில் இருக்கிறது. விழுக்காடு வேண்டாம். இடர்ப் பட்டியலில் எட்டு வரிக்கு மேல் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் ஆளின் பெயர் இருக்க வேண்டும். மருமகன் தம்மிடம் இருக்கும் மற்ற வார்ப்புருக்களைக் கொண்டுவந்தால் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிரிக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தால் வெற்றி உறுதியா என்றால், இல்லை. இந்த முறையை ஊட்டி வளர்த்த அதே பிரிட்டிஷ் அரசு, தன் தேசிய மருத்துவச் சேவைக்காக 2002-இல் தொடங்கிய மாபெரும் கணினித் திட்டத்தை, பெரும் பணத்தை இறைத்த பிறகு, கலைப்பதாக 2011-இல் அறிவித்தது. முறை தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சம் இருந்திருக்காது. மேலிருந்து திணிக்கப்பட்டதும், பயன்படுத்த வேண்டிய மருத்துவர்களின் பேச்சு போதிய அளவு கேட்கப்படாமல் போனதும் அதன்மேல் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட குறைகள். பணமே இல்லாத திட்டத்துக்கு முறையால் பணம் தர முடியாது. வரம்புக்குக் கட்டுப்பட மறுக்கும் தலைவரையும் முறையால் மாற்ற முடியாது. அது பொதுக்கூட்டத்தின் வேலை.

உங்கள் மண்டபத்துக்கு இப்போது என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். பழைய திட்டத்தைத் தொடர்கிறோம் என்று நினைக்காதீர்கள். அது முடிந்துவிட்டது, தோற்று முடிந்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதி மூடுங்கள். குத்தகையாளரோடு கணக்கை முடித்து, அவர் செய்த வேலையைக் கட்டடக் கலைஞரை வைத்து அளந்து எழுதி வாங்குங்கள். நம் நாட்டில் வழக்கமாக முடிந்த வேலைக்கு எழுதித் தரும் ஒவ்வொரு தொகைச் சான்றிலிருந்தும் 10 விழுக்காட்டைப் பிடித்து, ஒப்பந்த மதிப்பில் 5 விழுக்காடு வரை, குறைகளைக் குத்தகையாளர் சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுக் காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பார்கள். அப்படி ஏதாவது பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பொருளாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எஞ்சிய வேலையைத் தரை, கழிப்பறையும் குழாயும், மின்சாரம், சான்றிதழ் என்று நான்கு கட்டங்களாக, நான்கு தனி மதிப்பீடுகளோடு, புதிய திட்டமாகத் தொடங்குங்கள். முதல் கட்டத்துக்கான பணம் மட்டும் சேர்ந்ததும் முதல் கட்டம்.

அதற்கு முன்பே, இந்த வாரத்திலேயே, ஒரு காரியத்தைச் செய்யுங்கள். இதுவரை முடிந்த வேலைகளுக்கான ஜி படிவங்களில் எவை கையொப்பமாகி இருக்கின்றன என்று கட்டடக் கலைஞரிடம் கேட்டு, அவற்றின் நகலை வாங்குங்கள். உங்கள் கடிதத்தில், முதல் பொறியியலாளர் 2022-இல் விலகிவிட்டார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். அடித்தளப் படிவத்தில் அவர் கையொப்பமிட்ட பிறகு விலகினாரா, அதற்கு முன்பே விலகினாரா என்று பார்த்து எழுதுங்கள். தரைக்கு நன்கொடை திரட்டத் தொடங்கலாமா என்பதை அதைப் பார்த்த பிறகுதான் என்னால் சொல்ல முடியும்.